அப்பாவுக்கு நான் கொடுத்த பி.ஏ. பட்டம்

பெண்ணைப் பெற்றவனிடம் முன்பின் தெரியாத ஒருவர் போனில் "உங்க குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், அவன் உண்மையைச் சொல்லமாட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் கேட்பார்கள் என்பதால், நாக்கு தானாக ஜோடனையில் இறங்கிவிடும். என் நாக்கு இறங்கியது திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில்.

என் மகள் வெண்ணிலா அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வாரப் பயிற்சி. ஓர் உயிரின் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் வேலையைக் கற்றுத்தருவார்கள். வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கமே போகாத பிள்ளைகளுக்கென்றே நடப்பது. விண்ணப்பித்து, கடைசிப் பட்டியல் வரை வந்துவிட்டாள்.

"உங்களுக்கு போன் பண்ணுவாங்கப்பா. கேட்டதுக்கு உள்ளத சொல்லுங்க, போதும்" என்றாள்.

சரி என்றேன். (சரி என்று சொல்வதில் நான் கெட்டி. யாருக்கு நடக்கும் பயிற்சி என்று அவள் விளக்கியபோதும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காதில்தான் வாங்கவில்லை.)

அன்று கோலியனூரில் என் மச்சான் ஏழுமலை மகனுக்குக் காதுகுத்து. மனைவியும் வெண்ணிலாவும் பேருந்தில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கடைசிக்கு முந்தின சீட்டு. விக்கிரவாண்டி தாண்டியதும் போன் அடித்தது. பயிற்சியின் ஒருங்கிணைப்பாளர், ஒரு பெண்மணி. மரியாதையான குரல்.

"உங்க குடும்பத்துல டிகிரி படிச்சவங்க யாராவது இருக்காங்களா சார்?"

இல்லை என்றால் இடம் போய்விடுமே. "எங்கப்பா அந்தக் காலத்து பி.ஏ.ங்க மேடம்" என்றேன். அப்பா ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர்.

"ஆராய்ச்சித் துறையில யாராவது?"

"என் மச்சான் சயின்டிஸ்டுங்க. மண்ணு சம்பந்தமா."

மடியில் மல்லாட்டைப் பையோடு கடலை உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பெரியவர் என் தொடையைத் தட்டினார். "சம்மந்தம் பேசறாங்களா? நெலத்த சொல்லாம என்னாத்த பேசிக்கினு இருக்க?"

நியாயமாகப் பட்டது. "ஆறு ஏக்கர் நன்செய் இருக்குங்க மேடம்." (இருப்பது அறுபது சென்ட். அதுவும் மழையை நம்பி.)

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ளிகேஷன்ல முதல் பட்டதாரி சான்றிதழ் வெச்சிருக்காங்களே சார்?"

"அதுவும் இருக்குங்க மேடம். எல்லா சர்ட்டிபிகேட்டும் வாங்கி வெச்சிருக்கோம்" என்றேன் பெருமையாக.

விழுப்புரத்தில் இறங்கியதும், பாராட்டை எதிர்பார்த்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வெண்ணிலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"தாத்தா பி.ஏ.ன்னா அந்த சர்ட்டிபிகேட்டு பொய்யின்னு ஆயிடும்பா. பெங்களூரு மட்டும் இல்ல, காலேஜ்லயும் கேப்பாங்க."

அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் மூன்று நாள் நின்றவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் பட்டதாரி ஒருவரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவனும் நானேதான்.

"நல்லா பேஜாரு பண்ணி வெச்சீங்க. ஜல்தியா அந்தம்மாவுக்கு போன் போடுங்க" என்றாள் மனைவி. பேருந்து நிலையச் சத்தத்தில் முடியாமல், கோலியனூர் போய், விசேஷ வீட்டின் நடுக்கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், எங்கப்பா பி.ஏ. இல்லைங்க. அஞ்சாவதே முடிக்கல. நெலமும் அறுபது சென்ட்டுதாங்க."

"ஒரு மணி நேரத்துல உங்க பரம்பரையே மாறிப்போச்சே சார். இவ்வளவு வேகமான மாற்றத்த நாங்க லேப்ல கூடப் பார்த்ததில்ல." குரலில் சிரிப்பில்லை. "அந்த சயின்டிஸ்ட் இருக்காரா?"

பட்டு வேட்டியில் இருந்த ஏழுமலையின் கையில் போனைத் திணித்தேன்.

"மண் பரிசோதனை நிலையத்துல வேலைங்க மேடம்."

"சயின்டிஸ்டாவா?"

சுற்றி அவன் மாமனார் வீட்டு ஜனம் மொத்தமும் நின்றது. ஏழுமலை தொண்டையைச் செருமினான். "நான் இல்லன்னா அந்த லேப்பு ஒரு நாளும் ஓடாதுங்க."

கல்யாணத்தின்போது அவனை ஆபீசர் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தோம். (சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.)

வெண்ணிலா அவன் கையைப் பிடித்தாள். "மாமா, என் படிப்பு."

ஏழுமலை தன் மனைவியைப் பார்த்தான். "எங்களுக்குத் தெரியாதாக்கும். மேல சொல்லு" என்றாள் அவள்.

"ஜீப்பு டிரைவருங்க மேடம்" என்றான் மெதுவாக. "மண்ணெடுக்க வண்டி போனாத்தான லேப்பு ஓடும்."

மறுமுனையில் முதன்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெண்ணிலாவிடம் பேச வேண்டும் என்றார்கள். அவள் போனை வாசலுக்கு எடுத்துப் போனாள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "எங்க வீட்ல எல்லாரும் பெருசா சொல்லுவாங்க மேடம். எனக்கு நல்லது நடக்கணும்னுதான். படிக்கிறது நான் ஒருத்திதான்."

தாலுகா அலுவலகத்தில் கேட்டுச் சான்றிதழை உறுதி செய்துகொள்ள அவர்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் இடம் கிடைத்த செய்தி வந்தது. போனாள், ஆறு வாரம் இருந்தாள், இப்போது அதே துறையில் எம்.எஸ்சி. படிக்கிறாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் இன்றும் போனை மனைவியிடம் நீட்டிவிடுகிறேன்.

போன வாரம் சர்க்கரைக்காக டாக்டரிடம் போயிருந்தோம். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். "ரெண்டுங்க" என்றேன்.

"சார், இவரு பெத்த அப்பாவுக்கே பி.ஏ. குடுத்தவரு. பாத்து எழுதுங்க" என்றாள் மனைவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆறு என்று எழுதிக்கொண்டார்.

சரியான எண்ணிக்கைதான்.