ரெட் வெல்வெட்டுக்கு எடுத்த ஆலாத்தி

இரசாயனவியல் படித்தவளைக் குசினிக்குள் விடக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அநியாயச் சட்டம். பிழை என்னுடையது மட்டுமில்லை.

அக்காவின் கல்யாணப் பதிவெழுத்துக்குக் கேக்கை வவுனியாவில் ஓடர் குடுப்பம் என்றுதான் அவளின் வருங்கால மாமியார் சொன்னவா. அக்காதான், "என்ர தங்கச்சி ரெட் வெல்வெட் செய்வாள் மாமி, வெட்டினால் உள்ளுக்குச் செக்கச்செவேலெண்டு இருக்கும்" என்று பெருமையடித்துவிட்டாள். (அதுவரை நான் செய்தது ஒரேயொரு பட்டர் கேக். அதுவும் அடிப்பிடிச்சது.)

எழுத்துக்கு முதல்நாள் ஒட்டுசுட்டான் கடையெல்லாம் அலைந்தேன். பச்சைக் கலரிங் இருக்கிறது, நீலம் இருக்கிறது, சிவப்பு மட்டும் முடிஞ்சுதாம். நீலக் கேக்கை ஆர் தின்னுறது? ஆத்திரத்தோடு போனில் தேடினால், இந்தக் கேக் பிறந்த காலத்தில் சாயமே இல்லையாம். கொக்கோவும் மோரும் வினாகிரியும் சேர்ந்து வந்த மங்கல் சிவப்புத்தானாம். கலரிங் போத்தலெல்லாம் பிறகு வந்த பவுசு. இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறாங்கள்!

ஆனால் மங்கல் சிவப்பு மாமியாருக்குக் காணாது. அப்போதுதான் மாப்பிள்ளை பொம்பிளைக்கு எடுக்கிற ஆலாத்தி நினைவு வந்தது. மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பைக் கரைத்தால் செக்கச்சிவப்பு. நான் கம்பஸில் முதலாம் வருடம், அறிவு பொங்கி வழிந்த காலம். கொக்கோவைக் குறைத்து, மஞ்சளும் வெத்திலைச் சுண்ணாம்பும் போட்டு அடித்தேன். கலவை அப்படியொரு சிவப்பு. கடைசியாகச் செய்முறையில் உள்ளபடி மோரையும் வினாகிரியையும் ஊற்றினேன். கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் மஞ்சளாகிவிட்டது.

புளிப்புப் பட்டால் மஞ்சள் பழைய நிறத்துக்கே திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். குசினிக்குள் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். திரும்ப அடிக்க முட்டையும் இல்லை. வேகும்போது சிவக்கும் என்று நம்பி ஓவனுக்குள் வைத்தேன். சிவக்கவில்லை. வெள்ளை ஐசிங்கால் மூடிவிட்டு ஒருவருக்கும் மூச்சுக்காட்டாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா மாமியாரைப் பக்கத்திலேயே நிப்பாட்டி வைத்துக்கொண்டு கேக்கை வெட்டினாள். உள்ளுக்கு மஞ்சள். பொரிக்கப் பிரட்டி வைத்த மீனின் வாசம் வேறு. அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு நிலத்துக்குள் போகலாம் போலிருந்தது.

"ஆலாத்தி மாதிரித்தான் கரைச்சனான், வினாகிரி விட்டது பிழைச்சுப்போச்சு" என்று உளறினேன்.

மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றா. "பரவாயில்லை பிள்ளை, மங்களமாய்த்தான் இருக்கு" என்றா. அக்கா அழுகையை விட்டுச் சிரித்தாள்.

என்னைக் காப்பாற்றிவிட்டா என்று அன்றைக்கு நினைத்தேன், விசரி. இப்போது நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஆனால் அக்கா வீட்டில் எந்த விசேஷமென்றாலும், ஆலாத்தித் தட்டைத் தூக்குவதற்கு முதல் அந்த மனிசி சபை முழுக்கக் கேட்க விசாரிப்பா: "ரீச்சர் எங்க நிக்கிறா? வினாகிரிப் போத்தலைப் பூட்டி வைச்சாச்சோ?"