அப்பா பார்த்த பனிக்கரடி

வடகடல் பனிக்கு நடுவே,
புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரை.

அன்புள்ள ஓட்னி அக்காவுக்கு,

தங்கை இங்குன் எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் நலம், பல்செட் நலம், பசி மிகமிக நலம். மானம் ஒன்றுதான் இன்று காலையிலிருந்து படுத்துக் கிடக்கிறது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். கேப்டன் ஸ்டைனார் மாலை ஐந்து மணிக்குச் செயற்கைக்கோள் வழியாக அஞ்சல் அனுப்புவார். அதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு நீ எழுதி அச்சடித்து வைத்திருக்கும் பன்னிரண்டு சரணப் பாட்டை நிறுத்திவிடு. ஒன்பது சரணங்களில் கரடி வருகிறது. பாதாம் விழுதில் செய்யச் சொன்ன மர்சிப்பான் கரடி கேக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏன் என்று கேட்பாய். ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பயணிகள் முப்பத்தெட்டுப் பேர், பாதிக்கு மேல் நம் கரையோரத்து ஓய்வூதியக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே நோக்கம்: பனிக்கரடி. வழிகாட்டி என்ற முறையில் வால்ரஸ், கடல்நாய், திமிங்கிலம், அபூர்வமான வெள்ளைக் கடற்காகம் எல்லாவற்றையும் பற்றி நான் பேசிக்கொண்டே இருந்தேன். கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம் பந்தல் வேலைப்பாட்டை விளக்குகிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். முதல் நாள் மாலையே நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் சமையல்காரருக்குப் பெயர் பியோர்ன். மேல்தளத்தில் நின்று குளிரில் கை விறைத்துப்போய், கீழே எட்டிப் பார்த்து, "பியோர்ன்! காபி!" என்று கத்தினேன். காபி யார் காதிலும் விழவில்லை. பியோர்ன் விழுந்தது. கரடிக்கும் நம் நாட்டு ஆண்களில் பாதிப் பேருக்கும் ஒரே பெயரை வைத்த நம் முன்னோர்களை என்ன சொல்ல? முப்பத்தெட்டுப் பேரும் கேமராவோடு ஓடி வந்தார்கள். ஒருவர் பாதி முகம் மழித்து, மீதி முகம் சோப்பு நுரையோடு. போர்க்ஹில்ட் என்று தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், வெள்ளைக் குளியல் அங்கியோடு, வெறுங்காலோடு. "எங்கே? எங்கே?" என்று எல்லோரும் கேட்க, கையில் காபிக் கெண்டியோடு பியோர்ன் படியேறி வந்தார்.

"நாப்பத்தி நாலு வருஷமா எனக்கு இதுதான் பேரு. பேரை மாத்தணும்னா கரடிக்கு மாத்துங்க," என்றார்.

கேப்டன் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பயணம் முடியும்வரை பியோர்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சமையல்காரர் என்றுதான் கூப்பிட வேண்டும். பொய்க் கரடி கூவியதற்காக எனக்குக் கேக் தண்டனை. நம் அலுவலகங்களில் கூட்டத்துக்குப் பிந்தி வந்தால் மறுநாள் கேக் செய்து கொண்டுபோவோமே, அதேதான். இனிமேல் கப்பலில் யார் இல்லாத கரடியைக் காட்டினாலும் எல்லோருக்கும் கேக் செய்து போட வேண்டும் என்று சட்டம் ஆனது.

நான் கேக் செய்யும் அழகு உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு நான் செய்ததை இன்னும் அத்தான் சொல்லிக் காட்டுகிறார். சனிக்கிழமை காலை கப்பல் சமையலறையில் முட்டையோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து என்னைத் தோளால் ஒதுக்கினார். "தள்ளு. பாவம், அந்த முட்டை என்ன பண்ணுச்சு?" என்றார். அவர் செய்தது வெற்றிக் கேக். பாதாம் மாவு அடியும் மேலே மஞ்சள் கருக் கிரீமுமாக, அம்மா பிறந்தநாளுக்கெல்லாம் செய்வாரே, அது. தோல்விக்குத் தண்டனையாக வெற்றிக் கேக். முப்பத்தெட்டுப் பேரும் தட்டை வழித்தார்கள். நம் கூட்டத்துக்குக் கரடி இல்லாத துக்கம் கேக்கோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

அன்று மாலையே அப்பா ஒரு கரடியைக் கண்டார். அது அழுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு பனிப்பாளம். தண்டனை. ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றைக் கண்டார். அது ஒரு வால்ரஸின் பின்பக்கம். தண்டனை. திங்கட்கிழமை அவர் கண்ட கரடி கப்பலிலேயே இருந்தது: கம்பியில் காயப்போட்டிருந்த போர்க்ஹில்டின் குளியல் அங்கி. "என் அங்கியைப் பாத்துப் பயந்த முதல் ஆம்பளை நீங்கதான் ஹல்வார்," என்றாள் அந்த அம்மாள் அப்பாவிடம். நேற்று, செவ்வாய்க்கிழமை, எதுவுமே இல்லாத இடத்தைக் காட்டினார். பயணிகள் பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. "இன்னிக்கு ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா போடுங்க," என்று மட்டும் சொன்னார்கள்.

இதற்குள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டிருந்தது அக்கா. ஞாயிற்றுக்கிழமை, வால்ரஸுக்குப் பிறகு, கம்பியோரம் நானும் அவரும் மட்டும் நின்றோம். பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் கண்ணில் வைக்கவில்லை.

"இங்குன்," என்றார். "உண்மையிலே அது எவ்வளவு பெருசு இருக்கும்?"

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் பனி என் சட்டைக்குள் இறங்கியதுபோல் இருந்தது. ஐம்பத்து நான்கு வருஷமாக நாம் கேட்ட கதை. சுரங்கத்து மெஸ்ஸில் சமையல் உதவியாளராக அவர் இங்கே வடகடல் தீவில் கழித்த அந்த ஒரு குளிர்காலம். உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டப் பின்கதவைத் திறக்கிறார், எதிரே கரடி, மூக்குக்கு மூக்கு. அப்பா கலங்காமல், "ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது," என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். நம் வீட்டில் யார் எது கேட்டாலும் இல்லை என்பதற்கு இந்த வாக்கியம்தானே? உன் பாட்டின் பல்லவியே இதுதானே?

"கதவைத் திறந்தவன் நான் இல்லை," என்றார். "கூட வேலை பாத்தவன். நான் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி தூங்கிட்டிருந்தேன். எழுந்து வந்து பாத்தா காலடித் தடம்தான் இருந்துச்சு. ஊருக்குத் திரும்பினதும் ஒரு தடவை நான்தான்னு சொன்னேன். உங்கம்மா சிரிச்சா. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

அப்பா கதையை ஆரம்பித்ததும் அம்மா எழுந்து காபி போடப் போவாரே, அது இத்தனை வருஷம் கழித்து எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஒண்ணே ஒண்ணைக் காட்டிடு," என்றார். "ஒரே ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் அது பொய் இல்லை. தேதிதான் கொஞ்சம் தப்பு."

இதுதான் சங்கதி. அவர் கண்ணில் பட்டதெல்லாம் கரடியானது இதனால்தான். நாளை மறுநாள் கப்பல் துறைமுகம் சேர்கிறது. விருந்தில் ஊரே எழுந்து நின்று ஒன்பது சரணம் பாடும்போது, நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியாது. முன்பெல்லாம் முடிந்தது. வாய்விட்டுச் சொன்ன பிறகு முடியாது என்கிறார்.

இனி இன்று காலை நடந்தது. பனியோரமாகக் கப்பலை நிறுத்தியிருந்தோம். பால் கொட்டியதுபோல் மூடுபனி. நேற்றைய குற்றத்துக்கான கேக்கைச் செய்ய அப்பா சமையலறைக்குப் போயிருந்தார். வேலை பறிபோன சமையல்காரர் கேப்டன் அறையில் எங்களோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு உள்தொலைபேசி அடித்தது. கேப்டன் எடுத்தார். அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"பியோர்ன்! பியோர்ன்!"

"பேர் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டாச்சே ஹல்வார்," என்றார் கேப்டன். "இங்கதான் இருக்கார், காபி குடிக்கிறார்."

"அவன் இல்லை! பியோர்ன்!"

"அதான், பியோர்ன்தான். ரெண்டு நிமிஷத்துல அனுப்பறேன்."

சமையல்காரர் கோப்பையைக் காலி செய்து, இன்னொரு பிஸ்கட்டையும் தின்று, "அடுப்பை அணைக்கத் தெரியலைபோல," என்று எழுந்தார். நானும் கூடவே போனேன். சமையலறையின் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. பனிக்கடலில் நிற்கும்போது அதைத் திறக்கவே கூடாது. வெளியே மூடுபனி தவிர ஒன்றுமில்லை. அப்பா மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில்.

"வந்துச்சு," என்றார். "கேக்கை ஆற வைக்கக் கதவைத் திறந்தேன். கம்பிக்கு மேலே தலை. மூக்குக்கு மூக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, நான் சிரித்தது தப்பு. ஆனால் அதே மெஸ், அதே பின்கதவு, அதே மூக்கு! "அதுகிட்ட என்ன சொன்னீங்க அப்பா? ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாதுன்னா? இன்னிக்கு புதன்கிழமை," என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை," என்றார். "அம்பத்தி நாலு வருஷம் மனப்பாடம் பண்ணின வசனம். வாயே வரலை."

"கேக் எங்கே?" என்றார் சமையல்காரர்.

"அது எடுத்துட்டுப் போயிடுச்சு."

சமையல்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தீய்ந்துபோன கேக்கைத் தட்டோடு கடலில் போட்டுவிட்டுக் கதை கட்டுகிறார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. "போன கதையில உருளைக்கிழங்குத் தோல், இந்தக் கதையில கேக்கா?" என்று கேட்டேன். என்னிடம் மட்டும் அவர் ஒப்புக்கொண்ட விஷயத்தை இன்னொருவர் முன்னால் எடுத்துப் போட்டேன். அவர் சமையல் மேலங்கியை அவிழ்த்து, நான்காக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அறைக் கதவைத் தட்டினேன். "ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது," என்று உள்ளிருந்து குரல் வந்தது. வாழ்க்கையிலேயே முதல் முறையாக அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, எழுத வராத அந்த வரி இதுதான்: அப்பா பனிக்கரடியைப் பார்க்கவில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நீ ஒன்றும் கேட்காதே. பாட்டை நிறுத்திவிட்டு, அச்சகத்தில் தாள் தீர்ந்துவிட்டது என்று சொல். வேறு பாட்டு எழுதுவதானால் அவர் கேக்கைப் பற்றி எழுது, அதில் பொய்யே இல்லை. பொய் சொன்னதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நானும் ஆறு நாளாக முப்பத்தெட்டுப் பேரிடம், "நாளைக்குக் கட்டாயம் கரடி வரும்," என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்?

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் வீட்டு அடுப்பு அணையாமலும் உன் படகு கவிழாமலும் இருக்கட்டும்.

அன்புத் தங்கை,
இங்குன்

பின்குறிப்பு (மாலை நாலரை): மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. எதையும் நிறுத்தாதே. இரண்டு மணிக்கு மூடுபனி விலகியது. முந்நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பனிப்பாளத்தின்மேல் நம் கேக் தட்டு வெயிலில் மின்னியது. அதன் பக்கத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது ஒரு பனிக்கரடி, மூக்கு முழுக்க மஞ்சள் கிரீமோடு. இந்த முறை யாரும் கத்தவே இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். போர்க்ஹில்ட்தான் போய் அப்பாவை அழைத்து வந்தாள். பைனாகுலரைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன்தான்," என்றார். நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இருக்கும் கரடியை இல்லை என்றவளுக்கு இரட்டைத் தண்டனை என்று கேப்டன் தீர்ப்பளித்துவிட்டார். நாளை நான் இரண்டு கேக் செய்ய வேண்டும், அப்பா உதவக் கூடாதாம்.

ஒரு சிக்கல். பனிக்கரடிக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். ஆளுநர் அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டியவள் நான். தெரியாமல் நடந்தது என்று எழுதி அவர் பெயரை விட்டுவிடலாமா என்று கேப்டன் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "என் முழுப் பேரும் எழுதணும். எத்தனை மணி, எந்தக் கதவு, எவ்வளவு கிட்ட, எல்லாம் எழுதணும். அவங்க கண்டிச்சுக் கடிதம் அனுப்புவாங்க இல்லையா? முத்திரை இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். "கரடியை நேருக்கு நேர் பாத்தேன்னு சர்க்கார் முத்திரையோட எவன்கிட்ட இருக்கு?" என்றார். ஆகவே அக்கா, நல்ல மரச்சட்டம் ஒன்று வாங்கி வை, வரவேற்பறையில் மாட்டும் அளவுக்கு. பாட்டில் உருளைக்கிழங்குத் தோல் வருகிற இடத்தில் வெற்றிக் கேக் என்று மாற்று, சந்தம் இடிக்காது, நான் பாடிப் பார்த்தேன். இனிமேல் ஒரு சொல்கூடக் கூட்டாமல் நடந்ததை நடந்தபடியே சொல்வேன் என்று அப்பா எனக்குச் சத்தியம் செய்திருக்கிறார். இரண்டு மணிக்குச் சொன்னபோது கரடி கேக்கை எடுத்துக்கொண்டு போனது. இப்போது காபி நேரத்தில் சொல்லும்போது அதே கரடி, நம் வீட்டுப் பந்தியிலிருந்து எழும் பிள்ளையைப்போலத் தலையைக் குனிந்து, "சாப்பாட்டுக்கு நன்றி" சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.