எந்தப் பெட்டித் தவளை அசல் தவளை?

ஒப்பீட்டாளர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஒழுங்காக வேலைக்குப் போகும், வரி கட்டும், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் சிரிக்கும். ஆனால் வீட்டில் ஒரே வீடியோ கேமை நாலு பழைய கன்சோல் பெட்டிகளில் வாங்கி வைத்திருக்கும். எதற்கு நாலு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை கிடையாது.

நம்மவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். பகலெல்லாம் இருட்டறையில் ஜனங்களை உட்காரவைத்து, மூக்கின்மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் கடையில் பரிசோதனை முடிந்துவிடும்; பவரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டில் அதையே சொன்னால் பரிசோதனை அப்போதுதான் ஆரம்பமாகும்.

விளையாட்டு என்னவோ சாதாரணமானதுதான். குடை பிடித்த இரண்டு தவளைகள் பள்ளம் தாண்டி, சுவர் ஏறி, ஒரு கோட்டைக்குள் போகவேண்டும். அவ்வளவே. ஆனால் கறுப்புப் பெட்டியில் தவளை பச்சைப் பட்டாணி நிறம்; சாம்பல் பெட்டியில் கொஞ்சம் நீலம் ஓடிய பச்சை; வெள்ளைப் பெட்டியில் பாட்டோடு மேளம் சேர்ந்து வரும், ஆனால் மேகம் விக்கி விக்கி நகரும்; கையடக்கப் பெட்டியில் மேகமே கிடையாது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இதெல்லாம் ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? அவருக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும்.

ஒருநாள் சொட்டுகிற குழாயைச் சரிபண்ண வந்த பிளம்பர், பையைக் கீழே வைப்பதற்குள் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டு, திரை இழுத்து மூடப்பட்டு, அந்தக் காலத்து டியூப் டிவியின் எதிரே இரண்டு கை தூரத்தில் நிறுத்தி நிதானமாக, முதலில் ஒரு பெட்டித் தவளையும் பிறகு மற்றொரு பெட்டித் தவளையும் தாவுவதைப் பார்க்கவைக்கப்பட்டார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? இதுல குதிச்சதும் ஒரு கண் சிமிட்டு லேட்டு."

"சார், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"அப்படியா? உக்காருங்க, மறுபடி போடறேன்."

அந்த பிளம்பர் இப்போது அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. குழாய் இன்றும் சொட்டுகிறது.

சரி, இத்தனை தெரிந்தவர் அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவார் என்று கேட்பீர்கள். ஆடமாட்டார். முதல் கட்டத்தின் முதல் பள்ளத்தைத் தவளை தாண்டியதும் நிறுத்திவிட்டு அடுத்த பெட்டியை மாட்டுவார். இரண்டாம் கட்டத்தை அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு, அதை அவர் வெளியே சொல்வதில்லை. அந்த ஆட்டத்தின் கடைசியில் ஒரு கதவு. அதன் முன்னே இரண்டு கல். இரண்டு பேர், இரண்டு தவளையை, ஒரே சமயத்தில் இரண்டு கல்லின்மேலும் குதிக்கவைத்தால்தான் திறக்கும். சின்ன வயதில் அவரும் அவர் அக்காவும் அந்தக் கதவுவரை போகாத விடுமுறை நாள் கிடையாது. சரியாக அப்போது பார்த்து அப்பா செய்தி பார்க்க வந்துவிடுவார். டிவி கைமாறும். கதவு ஒருநாளும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று இரண்டு பேரும் போர்வைக்குள் சண்டைபோட்டிருக்கிறார்கள். பிறகு அக்கா படிக்கப் போனாள், மயக்க மருந்து டாக்டரானாள், எங்கோ தூரத்தில் குடித்தனம் போனாள். தம்பி தனியாக முதல் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவர் மனசு அவளைத் தேடியது என்பதுதான் நிஜம்.

அந்த அக்கா போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டே வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும், "வாடா, அந்தக் கதவை இன்னைக்குத் தொறந்துடலாம்" என்றாள். நம்மவர் துள்ளி எழுந்தார். இந்த வார்த்தைக்காகத்தானே நாலு பெட்டியையும் தூசி தட்டி வைத்திருந்தார்!

"எதுல ஆடலாம்கா?"

"ஏதாவது ஒண்ணுல போடேன்."

ஏதாவது ஒன்றா? ஒப்பீட்டாளரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. இத்தனை வருஷம் காத்திருந்த கதவை விக்குகிற மேகத்துக்குக் கீழேயா திறப்பது? கறுப்பைப் போட்டார், தவளை தாவியது, எடுத்தார். சாம்பலைப் போட்டார். ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜை ஊதினார், கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தார், மறுபடி ஊதினார். "இது தெளிவாக்கா, இது தெளிவா?" என்றார். அக்கா கொட்டாவி விட்டாள்.

"நான் ஊசி போட்டுத்தான்டா தூங்க வைப்பேன். நீ பேசியே தூங்க வைக்கிற."

"ஒரே நிமிஷம்கா. வெள்ளையில மேளத்தை மட்டும் கேட்டுடு. அப்புறம் சாம்பலுக்கு நல்ல கேபிள் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா சும்மா அள்ளும்."

வெள்ளைப் பெட்டியை ஓடவிட்டுவிட்டு, கேபிளைத் தேடி டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தார். பின்னால் ஒரே சிக்கல். எது எதனுடைய வால் என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த அவர் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து முதல் பள்ளத்தை மட்டுமே பார்த்துவந்தவள், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி, இந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கு?"

"வா, காட்டறேன்."

டிவியின் முதுகில் நம்மவர் கேபிளோடு மல்லுக்கட்ட, முன்னால் இரண்டு பெண்களும் பள்ளம் தாண்டினார்கள், சுவர் ஏறினார்கள், செத்தார்கள், சிரித்தார்கள், மறுபடி பிழைத்தார்கள். "ரெடியா? ஒண்ணு, ரெண்டு, குதி!" என்று அக்கா குரல் கேட்டது. அதைக் கேட்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். சட்டைக் காலர் சுவர் ஆணியில் மாட்டிக்கொண்டது. அப்போது ஒரு பாட்டு வந்தது. அவர் வாழ்நாளில் கேட்டிராத பாட்டு. காலரைக் கிழித்துக்கொண்டு, நல்ல கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் ஓடிவந்தபோது, திரையில் ஆட்டத்தின் பெயர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"தொறந்துடுச்சாக்கா?"

"தொறந்துடுச்சுடா."

"உள்ள என்ன?"

அக்கா மனைவியைப் பார்த்தாள். மனைவி அக்காவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. என்ன என்று சொல்லவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்காவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "நீ பக்கத்துல இருந்திருக்கணும்டா. உன்கூட ஆடத்தான் வந்தேன்" என்றாள். நம்மவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கையிலிருந்த கேபிளைச் சுருட்டினார். அழுகையை அடக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அந்தப் பாட்டு வெள்ளைப் பெட்டியில கொஞ்சம் வேகமா இருந்துச்சோக்கா?"

"எதைவிடடா வேகம்?" என்றாள் அக்கா. ஆட்டோ கிளம்பிவிட்டது.

நம்மவர் உள்ளே வந்து மனைவியிடம் ஒரு கண்ட்ரோலரை நீட்டினார். "சாம்பல் பெட்டியில போடுங்க, நான் ரெடி" என்றாள் அவள். அவர் அந்தப் பாட்டு வந்த வெள்ளையையே போட்டார் என்றுதான் கேள்வி. அதற்கு முன் ஒரேயொரு தடவை கறுப்பைக் காட்டினாராம்.

ஐயோ பாவம் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நல்லது, சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்காவது, "இந்த மாதிரி ஆளைப் பற்றி முன்னே ஒன்று படித்தோமே, அது இதைவிட நன்றாக இருந்ததே" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், சத்தம் போடாமல் எழுந்துபோய், உங்கள் வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று பாருங்கள்.