பளபளத்த பத்துப் பெட்டி

வெளியே கொளுத்தும் வெயில். கதவைத் திறந்தால் கண்டெய்னருக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

"மச்சான், உள்ள ஒழுகுது!" என்று கத்தினான் ஸ்டோர்கீப்பர்.

"ஓட்டை ஒண்ணும் இல்ல மாப்ள. பகல்ல சூடு, ராத்திரியில குளிர். நாப்பது நாள் கடல்ல கிடந்தா இரும்புக்கும் வேர்க்கும்."

மச்சான் அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஸ்டோர்கீப்பரின் மனைவிக்கு அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். அதை நாளைக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்துபவன்.

அவ்வளவு பெரிய கண்டெய்னரில் ஓரமாகப் பத்தே பத்து அட்டைப்பெட்டிகள். ஒன்றைத் தொட்டதும் அட்டை பிய்ந்து மீன் டப்பாக்கள் உருண்டன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் துரு.

கண்டெய்னர் கதவில் போட்ட சீல் முத்திரையை வெட்டிக் கையெழுத்துப் போடுகிறவன்தான் உள்ளே இருப்பதற்கெல்லாம் பொறுப்பு. அது அந்தக் கிடங்கின் வழக்கம். அனுபவசாலிகள் சீல் வெட்டும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள். ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போட்டிருந்தான்.

சோதனைக்காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதற்கு முன் மூன்று வேலைகள் போயாயிற்று. மனைவி பரணிலிருந்து தன் துணிப்பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கட்டிலருகே வைத்திருந்தாள். திட்டவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

மேனேஜருக்குப் போன் போட்டான்.

"அந்தப் பத்துப் பெட்டிதானே? அதைப் பார்க்க மேடம் ஒருத்தங்க மூணு மணிக்கு வராங்க. இறக்கி வை."

'துரு' என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

"மூணு மணிக்குள்ள தொடச்சுத் தள்ளிடலாம்," என்றான் மச்சான். கதவின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதம் ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்து முதல் டப்பாவைத் துடைத்தான்.

"என்னமோ எழுதியிருக்கே மச்சான்?"

"எல்லாக் கண்டெய்னர்லயும்தான் எதையாவது எழுதி ஒட்டுறான். படிச்சிட்டு உக்காந்தா வேலை ஆகுமா?"

சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். பத்து நிமிடத்தில் துரு முன்னைவிடச் சிவப்பாகப் பூத்தது.

வெயிலில் காயவைத்தார்கள். துரு அப்படியே இருந்தது. லேபிள்கள்தான் சுருண்டன.

"எண்ணெய் போட்டா போயிடும்," என்றான் மச்சான்.

போயிற்று. துரு அல்ல, லேபிள்கள். மொத்தமாகக் கழன்று தரையில் விழுந்தன.

"இந்த வேலைய வாங்கித் தர நான் யார் யார் கால்ல விழுந்தேன் தெரியுமா?"

"இப்ப அதுவா முக்கியம்? யோசனை சொல்லு மச்சான்."

"கம்பி நார்."

குந்தி உட்கார்ந்து தேய்த்தார்கள். ஸ்டோர்கீப்பரின் விரல்களில் ரத்தம் கசிந்தது. வீட்டில் ஒரு தட்டுக்கூடக் கழுவாதவன் இருநூற்று நாற்பது டப்பாக்களைத் தேய்த்தான்.

"அடியில பொட்டு வச்சிருக்கு மச்சான். சிலதுல சிவப்பு, சிலதுல நீலம்."

"பெயிண்ட் தெறிச்சிருக்கும். அதையும் தேய்."

மூன்றடிக்கக் கால் மணி நேரம் இருக்கையில் எல்லாம் முடிந்தது. புதுப்பெட்டிகளில் அடுக்கிய டப்பாக்கள் கண்ணைப் பறித்தன. ஒன்றில் ஸ்டோர்கீப்பர் தன் முகத்தைப் பார்த்தான். அது சிரித்துக்கொண்டிருந்தது. அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

மனைவிக்குச் செய்தி அனுப்பினான்: 'பெட்டியைப் பரண்ல ஏத்திடு.'

'பார்க்கலாம்' என்று பதில் வந்தது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மேடம் சரியாக மூன்று மணிக்கு வந்தாள். கையுறை, காமிரா, ஒரு பூதக்கண்ணாடி, எண் எழுதிய சின்னச் சின்னக் குப்பிகள். ஒரு டப்பாவை எடுத்தாள். திருப்பினாள். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு எல்லாப் பெட்டிகளையும் அவசர அவசரமாகக் கிளறினாள்.

"எவ்வளவு தேடினாலும் கிடைக்காது மேடம்," என்றான் ஸ்டோர்கீப்பர் பெருமை தாங்காமல். "துளி துரு கிடையாது. நானே என் கையால தேய்ச்சேன்." விரல்களை விரித்துக் காட்டினான்.

"கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருந்தோமே, படிக்கலையா?"

அவன் மச்சானைத் திரும்பிப் பார்த்தான். மச்சான் கழிப்பறைக்குப் போயிருந்தான்.

மேடம் காலிக் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"சிவப்புப் பொட்டு டப்பா அதிகமா துருப்பிடிக்குதா, நீலப் பொட்டு டப்பாவான்னு பார்க்கத்தான் சார், இந்தப் பத்துப் பெட்டிய நாப்பது நாள் கடல்ல சுத்த விட்டோம்."