பச்சைத் துணியும் பச்சைப் பொய்யும்

இனி ஜென்மத்துக்கும் மனைவியிடம் தோற்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. பத்தரைக்கு அவளுக்கு ரயில்.

என் மைத்துனிக்குக் கணுக்கால் எலும்பில் லேசாக விரிசல் விட்டு மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அக்காக்காரி போகாமல் இருக்க முடியுமா? இரண்டு வாரம் இருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பெட்டியோடு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நான் இல்லாம சமாளிச்சுடுவீங்களா?"

"என்னை என்ன சின்னக் குழந்தைன்னு நினைச்சியா?"

"சின்னக் குழந்தையா இருந்தா பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போயிருப்பேன்."

"நீ திரும்பி வந்து பாரு. வீடு வீடா இருக்கும்."

"வந்து எதுக்குப் பாக்கணும்? தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில கூப்பிடுறேன். ஹாலைப் பின்னாடி வச்சு உக்காருங்க. எனக்கு ஹால் தெரியணும்."

முதல் இரண்டு நாள் ஹால் தெரிந்தது. மூன்றாம் நாள் எனக்கே தெரியவில்லை. சோபாவின் மேல் ஈரத் துண்டு, துண்டின் மேல் செய்தித்தாள், செய்தித்தாளின் மேல் ரொட்டித் துணுக்கு. குடித்த டீக் கோப்பைகள் போன இடத்திலெல்லாம் குடித்தனம் வைத்திருந்தன. நாற்காலி நாலும் சட்டை போட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் வெறும் பனியனோடு இருந்தது நான் ஒருவன்தான்.

மணி ஆறரை. பெருக்கலாமா என்று யோசித்தேன். விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். அப்போதுதான் என் தொழில் நினைவுக்கு வந்தது.

என் தொழில் பச்சைத் துணி. ஆளைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை மட்டும் உரித்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கடலோ மலையோ வைத்து ஒட்டுவேன். ஒரு பல் டாக்டரைப் பனிமலை உச்சியில் நிறுத்தி, "பல் கூசுகிறதா?" என்று கேட்க வைத்தவன் நான்தான். அவர் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறவே இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஊரில் எல்லாரும் பச்சைப் பொய்யை வாயால் சொல்கிறார்கள். அதை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டுச் சொல்கிறவன் நான்.

போன மாதம் புதுக் கேமராவைச் சோதிக்க, ஒரு சாயங்காலம் எங்கள் ஹாலை ஒரு நிமிஷம் படம் எடுத்திருந்தேன். அவள் துடைத்து வைத்த ஹால். ஜன்னல் திரை லேசாக ஆடிக்கொண்டிருக்கும். ஐம்பதாவது விநாடியில் அவளே வருவாள். மடித்த துணியை மோவாய்வரை அடுக்கிக்கொண்டு குறுக்கே நடந்து படுக்கையறைக்குள் போவாள். நாற்பத்தெட்டாவது விநாடியில் வெட்டினேன். அந்தத் துண்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி சுற்றில் விட்டேன். சுவர்க் கடிகாரத்தின் முகத்தை மழுப்பினேன். வேலை செய்யும் அறையில் பச்சைத் துணியைத் தொங்கவிட்டு அதன் முன்னால் நாற்காலி போட்டேன். துணியில் நான், திரையில் ஹால். ஏழு மணிக்கு அவள் வந்தாள்.

"பரவாயில்லையே, ஹால் பளபளன்னு இருக்கு!"

"பின்னே?"

"அது சரி, உங்க தலை ஏன் பச்சையா இருக்கு?"

துணியின் பச்சை என் வழுக்கையில் பட்டுத் தெறித்திருந்தது. எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தலைவலி. எனக்கு நிஜமாகவே தலையில்.

"மூலிகை எண்ணெய் தேய்ச்சேன்."

"முடி இல்லாத இடத்துக்கா?"

"தேய்ச்சா முளைக்கும்னாங்க."

"முளைச்சிருக்கு. பாசி."

மறுநாள் நாற்காலியைத் துணியிலிருந்து ஆறடி முன்னால் இழுத்துப் போட்டு, தலைக்குப் பவுடர் பூசினேன். அதற்குப் பிறகு ஒரு குறையும் அவள் கண்ணில் படவில்லை. நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்துவிட்டு, கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டே ரொட்டி தின்றேன். யாரும் பார்க்காத டிவி ஹாலில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்கும். ஃப்ரிட்ஜ் உறுமுவதும் நின்றால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் டிவியை அணைப்பதில்லை.

பதினாலாம் நாள் கேட்டேன்.

"கட்டுப் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சு. நல்லா நடக்குறா."

"அப்ப நீ..."

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்? வீட்டைத்தான் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்தத் துணியில் வைத்துக்கொண்டேன். பொய் சுமாராக இருந்திருந்தால் அவள் அடுத்த ரயிலில் வந்திருப்பாள்.

வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் சாவி எங்கே, கண்ணாடி எங்கே, பனியன் எங்கே என்று கேட்டிருக்கிறேன். வா என்று மட்டும் சொன்னதில்லை. எப்போதும் வீட்டிலேயே இருப்பவளை எதற்காக வா என்று கூப்பிடுவது?

அன்று அவள் பேசி முடித்துவிட்டுப் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. திரையில் யாருமில்லாத ஹால் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய் வெட்டை எடுத்துவிட்டது. இப்போது முழு நிமிஷமும் ஓடியது. ஐம்பதாவது விநாடியில் அவள் துணி அடுக்கோடு வந்தாள், போனாள். மறுபடி வந்தாள். போனாள். ஒன்பதாவது தடவை வரும்போது வாய்விட்டே சொல்லிவிட்டேன், "துணியை அப்புறம் வைக்கலாம், கொஞ்சம் உக்காரும்மா" என்று. அவள் உட்காரவில்லை. அவள் எப்போதுமே உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை கீழ்வீட்டு டைலர் மடக்கினார்.

"அண்ணி வந்துட்டாங்களா? நேத்து பேச்சுச் சத்தம் கேட்டுச்சே."

"ஃபோன்ல பேசினேன்."

"ஃபோன்ல இருக்கவங்களையா உக்காரச் சொன்னீங்க?"

"மரியாதைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

அந்த வாரம் என் மனைவியின் பேச்சே ஒரு தினுசாக இருந்தது.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"யாரு இருக்கா? நான் ஒண்டிக்கட்டை."

"நிச்சயமா?"

"சத்தியமா."

"இருங்க, இருங்க... இதோ வருது..."

"என்ன வருது?"

"தும்மல்."

அவள் தும்மவில்லை. சிரித்தாள். இன்னொரு நாள், "ஏய், நீயும் வந்து பாருடி" என்று தங்கச்சியைக் கூப்பிட்டாள். மைத்துனி எட்டிப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எலும்பு நன்றாகவே சேர்ந்திருந்தது. நான் பவுடரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூசிக்கொண்டேன்.

இருபதாம் நாள் இடியை இறக்கினாள்.

"தங்கச்சி இன்னும் பத்து நாள் இருக்கச் சொல்றா. இருக்கட்டுமா?"

"உன் இஷ்டம்," என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்காக இரவெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் சபதத்தைக் காற்றில் விட்டேன். ஏழு மணிக்குப் பச்சைத் துணியின் முன்னால் உட்காரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நிஜ ஹாலுக்கே போனேன். மூன்று வாரத்துக் குப்பையை மூலை விடாமல் காட்டினேன்.

"பாத்தியா? இதுதான் வீடு."

"பிரமாதம்! இவ்வளவு குப்பையை எப்படிங்க கம்ப்யூட்டர்ல வச்சு ஒட்டினீங்க?"

"ஒட்டலம்மா, நிஜம்!" ஒரு கோப்பையை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினேன்.

"சத்தம்கூட சேர்த்திருக்கீங்க!"

"அய்யோ, நிஜமான குப்பைம்மா! இத்தனை நாள் காட்டினதுதான் பொய்!"

"சரி, நிஜம்னே வச்சுக்குவோம். அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

என்ன பண்ண வேண்டும்? பெருக்கவா? விளக்குமாறு மூன்றாம் வாரத்தில் எனக்கே கிடைத்துவிட்டது, கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றேன். பெருக்கவே தோன்றவில்லை. பெருக்கி முடித்தால் யாரிடம் காட்டுவது?

"வந்துடும்மா," என்றேன். "நீ இல்லாம வீடு வீடா இல்ல. என்னால முடியல. வந்துடு."

அவள் கன்னத்தில் கைவைத்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் உறைந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"நான் எதுக்குங்க வரணும்? அங்கதான் ஏற்கெனவே இருக்கேனே."

"எங்க?"

"உங்க பின்னாடி. ஒரு வாரமா நிமிஷத்துக்கு ஒரு தடவை துணி மூட்டையைத் தூக்கிட்டு நடந்துட்டே இருக்கேன். பாவம், அவ அங்க ஓய்வில்லாம வேலை பாக்குறா. நானாவது கொஞ்சம் உக்காருவோம்னு இங்கயே இருந்துட்டேன்."

அன்று நீக்கிய வெட்டை நான் திரும்பப் போடவே இல்லை! பேசும்போதெல்லாம் என் கண் அவள் முகத்திலேயே இருந்ததால், ஓரத்தில் தெரியும் என் சின்னப் படத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. இருபது வருஷத் தொழில் அனுபவம்!

"தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க வான்னு சொல்லியிருப்பீங்களா?"

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன்.

"சரி, டிக்கெட் எப்ப எடுக்கப் போற?"

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கே எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல வந்துடுவேன்."

"அப்ப அந்தப் பத்து நாள்?"

"அது நான் விட்ட பச்சைப் பொய்."

"அப்படின்னா... நான் கெஞ்சியிருக்காட்டியும் வந்திருப்பியா?"

"வராம? ஆனா நீங்க கெஞ்சினதை முழுசா ரெக்கார்டு பண்ணிட்டேன். சுத்துல எப்படி விடுறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க, ரயில்ல கேட்டுக்கிட்டே வர்றேன்."