கேளாமல் தந்த ட்ரெயிலர்

“சோத்துக்கைப் பக்கம் வெட்டு, ஞானம்! சோத்துக்கை!”

தம்பித்துரை அண்ணை வீதியின் நடுவில் நின்று கத்தினார். ஞானசுந்தரம் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் முழுதாக வெட்டினான். அவனுடைய சின்னப் பாண்டா கார் சொன்ன சொல் கேட்டு வலப்பக்கம் பின்னுக்குப் போனது. பின்னால் கொளுவியிருந்த ட்ரெயிலர் மட்டும், தனக்கு வேறு அலுவல் இருப்பதுபோல இடப்பக்கம் திரும்பி, செடிவேலிக்குள் தன் பின்பக்கத்தைப் புதைத்துக்கொண்டது.

“ஏலாது அண்ணை!”

“ஏலாது எண்டு கத்தாதை. மனிசன் யன்னலிலை நிக்குது.”

மேல் யன்னலில் திரைச்சீலை ஒரு சாண் விலகியிருந்தது. அந்த ஒரு சாணுக்குள் ஹெர் வீபெயின் மூக்குக்கண்ணாடி மின்னியது. வீபெதான் வீட்டுக்காரர். ட்ரெயிலரும் அவருடையது.

நடந்தது ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில். ஞானசுந்தரம் ஒரு றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினான். வீபெயின் வீட்டு நிலக்கீழ் அறையொன்றில் மனைவி கமலநாயகியோடு குடியிருந்தான். அறைக்குள் கட்டிலை விரித்தால் கதவு திறக்காது. கதவைத் திறந்தால் அடுப்புக்குக் கிட்டப் போகமுடியாது. கமலநாயகிக்கு ஏழு மாதம். பிள்ளை பிறந்தால் அதை எங்கே கிடத்துவது என்பது இருவரும் இரவில் பேசிக்கொள்ளாமல் படுத்திருக்கும் விஷயம்.

அதே வீட்டின் மேல்மாடியில், கூரைக்குக் கீழே, இரண்டு அறையும் ஒரு குசினியும் சித்திரை மாதம் தொடங்கி வெறுமையாகக் கிடந்தன. ஞானசுந்தரம் கேட்டுப் பார்த்திருந்தான். “பார்ப்போம்” என்றார் வீபெ.

“எங்கடை ஆக்கள் பாப்பம் எண்டால் பாக்கமாட்டினம்,” என்றார் தம்பித்துரை. “இவங்கள் பாப்பம் எண்டால் உண்மையாய்ப் பாத்துக்கொண்டிருப்பாங்கள். கவனமாய் இரு.”

அதற்குப் பிறகு ஞானசுந்தரம் படியைக் கூட்டினான், குப்பை வாளியை நேராக வைத்தான், வீபெயைக் கண்ட இடமெல்லாம் ஜெர்மன் மொழியான டொச் கதைத்தான். மாலை வகுப்பில் அவன் பிழையில்லாமல் படித்தது ஒரே ஒரு சொற்றொடர்தான்: ‘இஹ் அவுஹ்’. ‘நானும்தான்’ என்று அர்த்தம். வீபெ குளிராக இருக்கிறது என்றால் இஹ் அவுஹ். கோப்பி பிடிக்கும் என்றால் இஹ் அவுஹ். இடுப்பு நோகிறது என்று வீபெ குனிந்துகொண்டு சொன்னபோதும் ஞானசுந்தரம் இஹ் அவுஹ் என்றான். மரியாதைக்காகத் தானும் கொஞ்சம் குனிந்தான்.

ஒருநாள் வீபெ, ஊரில் என்ன தொழில் செய்தாய் என்று, டொச் தெரிந்த தம்பித்துரையை வைத்துக் கேட்டார். ஞானசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தினான்.

“கிளிநொச்சியிலை உழவு மெசின் ஓடினனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பின்னாலை ட்ரெயிலர்ப் பெட்டி பூட்டி, நெல் மூட்டை ஏத்தி.”

வீபெயின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. அடுத்த நாள் காலையே கதவைத் தட்டினார். அலுமாரி, கட்டில் ஏதும் ஏற்ற இருந்தால் தன் ட்ரெயிலரைக் கொண்டுபோகலாம், வாடகை வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: திரும்பக் கொண்டுவரும்போது வீதியில் விடக்கூடாது. வீட்டுச் சுவருக்கும் செடிவேலிக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய கொட்டகைக்குள், பின்பக்கம் முதலில் போகும்படி விடவேண்டும்.

தம்பித்துரைக்கு இது விளங்கவில்லை. ஏணி இரவல் கேட்டபோது, ஏணி வீட்டைவிட்டுப் போகாது என்றவர் இவர். இலை வாரும் கம்பியைக்கூடத் தரவில்லை. ட்ரெயிலரோ மூன்று கிழமையாக வீட்டு வாசலில், வீதியோரத்தில், எடுத்துக்கொண்டு போ என்பதுபோல நின்றது.

“ஞானம், இது சோதனை,” என்றார் அவர். “கேளாமல் தாறான். அதுவும் றிவேஸிலை உள்ளை விடு எண்டு சொல்லித் தாறான். நீ ஒழுங்கான ஆளோ எண்டு பாக்கிறான். விட்டாயோ, மேல்மாடி உனக்கு. விடேல்லையோ, பிள்ளைக்குத் தொட்டில் அலுமாரி லாச்சிக்குள்ளைதான்.”

தேவாலயத்துப் பெண்ணொருத்தி கொடுத்த அலுமாரியும் தொட்டிலும் ஏற்றி வந்ததுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பாண்டாவை முன்பு வைத்திருந்தவர் பின்னால் கொளுக்கி பூட்டியிருந்தார். ஒரு பெரிய தேசிக்காய் அளவு இரும்பு உருண்டை. ட்ரெயிலரின் முன்தண்டு அதன்மேல் தொப்பிபோலக் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். உருண்டை என்பதால் எந்தப் பக்கமும் திரும்பும். தம்பித்துரை முதலில் அலுமாரியை ட்ரெயிலரின் பின்னுக்கு ஏற்றினார். நடுவில் உருளும் சில்லுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்தண்டு மேலே எழும்பும். எழும்பி, காரின் பின்பக்கத்தையும் கூடவே தூக்கும். பாண்டா வால் ஆட்டிக்கொண்டு போனது. இறங்கி, அலுமாரியைச் சில்லுக்குச் சற்று முன்னுக்குத் தள்ளிக் கட்டினார்கள். அதன்பிறகு சின்னக் கார் ஏற்றத்தில் முனகியதே தவிர வழி தவறவில்லை. அலுமாரியும் தொட்டிலும் இப்போது நிலக்கீழ் நடைபாதையில், இன்னும் கிடைக்காத வீட்டுக்காகக் காத்திருந்தன.

இழுக்கும்போது ட்ரெயிலர் நல்ல பிள்ளை. பின்னுக்குத் தள்ளும்போதுதான் அதன் குணம் தெரியும். காரின் பின்பக்கம் வலமாகப் போனால், உருண்டையும் வலமாகப் போகிறது. அது ட்ரெயிலரின் மூக்கை வலப்பக்கம் தள்ளுகிறது. மூக்கு வலப்பக்கம் போனால் வால் இடப்பக்கம்தானே போகும்? அதோடு, சின்ன ட்ரெயிலர் பெரியதைவிடப் பொல்லாதது. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள், சமாளிக்கலாம். பென்சிலை நிறுத்திப் பாருங்கள். நீளமானது ஆறுதலாகச் சாயும், நாம் பிடித்துவிடலாம். கட்டையானது சாய்ந்த பிறகுதான் சாய்ந்தது தெரியும்.

ஞானசுந்தரத்துக்கு அதுவும் தெரியவில்லை. வெறும் ட்ரெயிலர் உயரம் குறைந்தது. கார்க் கண்ணாடியில் அது தெரியவே இல்லை. தெரிந்தபோது அது வேலிக்குள் இருந்தது.

“கண்ணாடியிலை காணேல்லை அண்ணை. இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை.”

“காணத்தக்கதாய்ச் செய்வம்,” என்றார் தம்பித்துரை.

கமலநாயகியிடமிருந்து இரண்டு விளக்குமாற்றுத் தடிகளும் பழைய சிவப்புச் சேலையின் கரையும் வாங்கி, ட்ரெயிலரின் பின்மூலைகள் இரண்டிலும் கொடிபோலக் கட்டினார். கமலநாயகி வடைத்தட்டோடு வாசற்படியில் நின்றாள். வடை வீபெக்குச் சுட்டது. ட்ரெயிலரைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கையோடு கொடுக்கக்கூடாது என்பது அவள் எண்ணம்.

“என்னப்பா, தேர் கட்டுறியளோ?”

“நீர் பேசாமல் நில்லும்.”

கொடிகள் நன்றாகத் தெரிந்தன. அவை கொட்டகைக் கூரையைவிட உயரம் என்பது மட்டும் தெரியவில்லை. முதல் தடவையாக ட்ரெயிலர் நேராகப் போனது. தம்பித்துரை கைதட்டினார். அதே கணத்தில் தடியொன்று கூரை விளிம்பில் தொங்கிய பூத்தொட்டியைக் கொளுவி இழுத்தது. தொட்டி விழுந்து இரண்டாகப் பிளந்தது.

மேலே திரைச்சீலை இன்னொரு சாண் விலகியது.

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஒலி எழுப்பியது. அது ஒருவழி வீதி. ஞானசுந்தரம் வேறு வழியில்லாமல் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போய், நான்கு தெருவையும் சுற்றித் திரும்ப வாசலுக்கு வந்தான். ஒருமுறை அல்ல. ஒவ்வொரு முறை பிழை விடும்போதும் ஒரு சுற்று. சிவப்புக் கொடி இரண்டும் பறக்க, பாண்டா உள்வீதி சுற்றும் சுவாமிபோல வந்துகொண்டேயிருந்தது. வீதியோரத்தில் இலை வாரிக்கொண்டிருந்த கிழவி முதலில் முறைத்தாள், பிறகு சிரித்தாள், பிறகு கை காட்டத் தொடங்கினாள். வீபெயும் யன்னல் மாறினார். இப்போது கையில் கோப்பிக் கோப்பை இருந்தது.

“வடிவாய்ப் பாக்கிறதுக்கு முன்பக்க யன்னலுக்கு வந்திட்டான்,” என்றார் தம்பித்துரை. “மார்க்ஸ் போடுறான்.”

அப்போதுதான் உருத்திரமூர்த்தி மாஸ்ரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஊரில் கணிதம் படிப்பித்தவர். தமிழன் ஒருவன் அந்தரப்படுவதைக் கண்டால் இறங்காமல் போகமாட்டார்.

“இதென்ன ஐசே, சின்னக் கணக்கு,” என்றார். “ட்ரெயிலர் எந்தப் பக்கம் போகவேணுமோ, ஸ்ரியறிங்கை அதுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும். அவ்வளவுதான். விளங்கிச்சோ?”

“ஓம் மாஸ்ரர்!”

விளங்கியது. அதுதான் பிழையாய்ப் போனது. தம்பித்துரைக்கும் விளங்கிவிட்டதால், வலம் என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் மாற்றி இடம் என்றார். ஞானசுந்தரத்துக்கும் விளங்கியிருந்ததால், இடம் என்று கேட்டதை அவன் மாற்றி வலம் என்று திருப்பினான். எதிருக்கு எதிர் நேர் என்று மாஸ்ரர் ஊரில் எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, அந்தப் பாடம் இப்போது கண்முன்னால் நடந்தது. ட்ரெயிலர் திரும்பவும் வேலிக்குள் போனது.

“மாத்திச் சொல்லாதையுங்கோ அண்ணை!”

“நீ மாத்திக் கேளாதை!”

“ஏலாது, என்னாலை ஏலாது!”

“ஏலாது எண்டு கத்தாதை எண்டு சொன்னனான்! ஏலாது எண்டால் மேல்மாடி ஏலாது!”

மாஸ்ரர் தாடியைத் தடவினார். “ஒரு வழி இருக்கு. றிவேஸ் வேண்டாம். நேரே முன்பக்கத்தாலை உள்ளை போம். உள்ளை போய் ட்ரெயிலரைக் கழட்டும்.”

அருமையான யோசனையாகத் தெரிந்தது. கழற்றிய பிறகு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பாண்டா கொட்டகைக்குள் நேராக நுழைந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வேலி, கதவு திறக்க இடமில்லை. ஞானசுந்தரம் பின்சீற்றுக்கு மேலால் தவழ்ந்து, பின்கதவைத் தூக்கி, ட்ரெயிலருக்குள் குதித்து வெளியே வந்தான். தம்பித்துரை பிடியை இழுத்து ட்ரெயிலரைக் கழற்றினார்.

எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ட்ரெயிலர் நிற்கவேண்டிய இடத்தில் கார் பத்திரமாக நின்றது. காருக்கு வெளியே வர வழியில்லாமல் வாசலில் ட்ரெயிலர் நின்றது.

“இப்ப என்ன மாஸ்ரர்?”

மாஸ்ரர் சைக்கிளைத் தேடினார்.

யன்னலில் ஆள் இல்லை. உள்ளே படியில் காலடிச் சத்தம் கேட்டது. இடுப்பு நோக்காட்டுக்காரர், ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவார்.

“வாறான்! ஞானம், வாறான்!”

கமலநாயகி வடைத்தட்டை மாற்றிப் பிடித்தாள். “இஞ்சாருங்கோ, கழட்டியாச்சுத்தானே? மூண்டு ஆம்பிளையள் நிக்கிறியள். கையாலை திருப்பித் தள்ளுங்கோவன்.”

“கையாலையோ? மானம் போயிடும்.”

“மானம் கொட்டகைக்குள்ளை காரோடை நிக்குது. அதை முதல் வெளியிலை எடுங்கோ.”

கழற்றிய வெறும் ட்ரெயிலர் ஒரு தராசு மாதிரி. பாரம் முழுவதும் நடுவிலுள்ள இரண்டு சில்லில் நிற்கும். முன்தண்டை ஒரு கையால் தூக்கலாம். தூக்கிப் பிடித்தால் நின்ற இடத்திலேயே சுழலும். மூவரும் அதை வீதிக்குத் தள்ளினார்கள். ஞானசுந்தரம் பின்கதவால் தவழ்ந்து காருக்குள் போனான். ட்ரெயிலர் இல்லாத பாண்டா பசுமாடுபோலப் பின்னுக்கு வந்தது. ட்ரெயிலரைச் சுழற்றி, கொடிகளைப் பிடுங்கி, வால் முன்னே போகத் தள்ளினார்கள். மத்தியானம் முழுதும் உள்ளே போகமாட்டேன் என்ற சாமான் ஒரு சிகரெட் பிடிக்கும் நேரத்துக்குள் போய் நின்றது.

மூவருடைய கைகளும் இன்னும் தண்டில் இருந்தபோது, வீபெ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூலையைச் சுற்றி வந்தார்.

“பிறேக் பிடிச்சிட்டுது, அதாலைதான் தள்ளினனாங்கள் எண்டு சொல்லு,” என்று தம்பித்துரை காதுக்குள் முணுமுணுத்தார்.

ஞானசுந்தரம் உடைந்த பூத்தொட்டியைப் பார்த்தான். படியில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கமலநாயகியைப் பார்த்தான். நடைபாதையில் நிற்கும் தொட்டில் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் பொய்க்கு மேல் பொய் அடுக்க அவனுக்கு அன்று தெம்பிருக்கவில்லை.

“அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. உழவு மெசின் ஓடினது என்ரை மச்சான். நான் மட்கார்ட்டிலை இருந்தனான்.”

தம்பித்துரை வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார். ஞானசுந்தரம் தன் பங்குக்குக் காரைக் காட்டி, ஸ்ரியறிங் பிடிப்பதுபோலக் கையைச் சுழற்றி, தலையை ஆட்டினான். டொச் சொல் வரவில்லை.

“ஏலாது,” என்றான்.

“ஏலாது,” என்று வீபெ திருப்பிச் சொன்னார். மத்தியானம் தொடங்கி யன்னலுக்குள்ளால் கேட்ட சொல் அது. அர்த்தத்தை யாரும் அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

பிறகு அவர் கொட்டகைக்குள் எட்டி, ட்ரெயிலரை ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். மேல்மாடிக் கதவைத் திறக்கும் திறப்பை எடுத்துக் கமலநாயகியின் தட்டில் வைத்தார். பதிலுக்கு ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

தம்பித்துரைக்குப் பொறுக்கவில்லை. சோதனையில் தோற்றவனுக்கு ஏன் திறப்பு என்று டொச்சில் கேட்டேவிட்டார்.

வீபெ தெருவின் இரு பக்கமும் பார்த்தார். இலை வாரும் கிழவி தூரத்தில் நிற்பதை உறுதிசெய்துகொண்டார். மூன்று கிழமையாக ட்ரெயிலர் நின்ற வீதியோரத்தை, இலை விழாமல் நீள்சதுரமாக வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தை, பாதி வடையால் சுட்டிக்காட்டினார். பிறகு கொட்டகையைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.

“இஹ் அவுஹ் ஏலாது,” என்றார்.