லோஷினி கல்யாணம், ஆறாம் பிரதி

“ஓடலயாம்மா,” என்றார் ராஜசேகரன், நாற்காலியில் உட்காரும் முன்பே.

குளுவாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் தன் வீடியோ ஸ்டுடியோவில் வாசுகி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் மகள் லோஷினியின் கல்யாணத்தைப் படம் பிடித்தவள் அவள்தான். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துப் பாராட்டியாகிவிட்டது. மெர்சிங்கில் இருக்கும் ராஜசேகரனின் அக்கா சந்திரமதி வீட்டில் மட்டும் அந்தப் படம் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“இப்ப என்னவாம் அங்கிள்?”

“சத்தம் வருதாம். படம் கறுப்பா இருக்காம்.”

வேறு யாராவது என்றால் “ஹேண்ட்ஃபோன மாத்துங்க லா” என்று சொல்லிக் கைகழுவியிருப்பாள். இங்கே அது முடியாது. ஆரம்பக் குற்றமே அவளுடையது.

கல்யாணப் பத்திரிகையைப் பூமாரி பொழிய, பாட்டோடு, ஒரு நிமிட வீடியோவாகச் செய்து கொடுத்து, “இப்பல்லாம் யாரு அங்கிள் வீடு வீடா அலையறாங்க? ஒரு தட்டு தட்டுனா எல்லாருக்கும் போயிரும்,” என்று சொன்ன புண்ணியவதி அவள்தான். ராஜசேகரனும் நம்பித் தட்டிவிட்டார். பெண்ணின் அத்தைக்கு, அதுவும் கணவர் போன பிறகு தனியாக இருக்கும் மூத்தவளுக்கு, வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் போய் நிற்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை போனால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. சந்திரமதி கல்யாணத்துக்கு வரவில்லை. தம்பியோடு பேச்சும் நின்றுபோனது.

“வீடியோவ அக்கா பாத்தாள்னா மனசு எறங்கிரும்மா. எனக்கு இருக்கறது ஒரே அக்கா,” என்று சொல்லி ராஜசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசுகி, தன் வீடியோ பிரித்த குடும்பத்தைத் தன் வீடியோவே சேர்த்து வைக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டாள்.

முதலில் லிங்க்தான் அனுப்பினார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று சந்திரமதி, ராஜசேகரனின் மனைவி புஷ்பவள்ளிக்குப் போன் செய்து சொன்னார். ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று வாசுகி புது முறையில் சுருக்கி, ஹேண்ட்ஃபோனிலேயே செருகும் பென்டிரைவில் போட்டுத் தந்தாள்.

“வாட்ஸ்அப்புல அனுப்பினா கெட்டுரும். நேர்லயே கொண்டுபோய்க் குடுங்க அங்கிள்.”

ராஜசேகரன் காஹாங் வழியாக ஒன்றரை மணி நேரம் காடி ஓட்டிப் போனார். அக்கா கேட்டுக்கு உள்ளே நின்றபடி பென்டிரைவை வாங்கிக்கொண்டு, “நான் தனியா பாத்துக்கறேன், நீ போ,” என்று அனுப்பிவிட்டார். மறுநாள் வந்த சேதிதான் இந்தக் கறுப்புப் படம்.

“பழைய ஹேண்ட்ஃபோனுக்குப் புது முறை புரியல அங்கிள். பழைய முறையிலயே, இன்னும் சின்னதா பண்ணித் தரேன்.”

பண்ணித் தந்தாள். மூன்றாவது பிரதியோடு போய் வந்த ராஜசேகரன் சொன்னார்: “முகமெல்லாம் மாவு அப்புன மாதிரி இருக்காம். லோஷினி எது, மாப்பிள்ள எதுன்னே தெரியலயாம்.”

அதிகமாகச் சுருக்கினால் அப்படித்தான் ஆகும். வாசுகி தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் மட்டும் ஏனோ வாட்டமில்லாமல், “ஆனா இந்தத் தடவ உள்ள கூப்புட்டு கோப்பி குடுத்தாம்மா,” என்றார்.

நான்காவது பிரதியை ஹேண்ட்ஃபோன் திரை முழுவதும் தெரியும்படி நெட்டையாக வெட்டினாள். முகங்கள் பெரிதாக, பளிச்சென்று வந்தன. மகிழ்ச்சி தாங்காமல் ராஜசேகரன் அதைக் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மணமேடையின் ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் படத்தில் காணாமல் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசுகியையே கூப்பிட்டார்.

“ஏம்மா, நான் என்ன கல்யாணத்துக்கு ஒரு கைய மட்டுமா அனுப்பிவச்சேன்?”

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் வாசுகிக்கு நாக்கு வறண்டுவிட்டது. போனை வைத்த கையோடு, மெர்சிங்கில் பிரதியைக் கொடுத்துவிட்டு ராஜசேகரன் வந்தார். கீபோர்டின் மேல் ஒரு பொட்டலம் கெரோப்போக் மீன் அப்பளத்தை வைத்தார்.

“அக்காவும் அதத்தான் சொன்னாளாம். ‘என் தம்பியவே காணோமே’ன்னு புஷ்பாகிட்ட கேட்டாளாம். தம்பின்னு சொல்லியிருக்கா பாரும்மா!”

ஐந்தாவது பிரதி டிவிக்கு. ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். மற்றக் கல்யாணங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. ராஜசேகரன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, மதியச் சாப்பாடும் சாப்பிட்டு, வாசுகிக்கு இரண்டு கிலோ கருவாட்டோடு திரும்பினார்.

“ஐயர் வாய மூடுனப்புறம்தான் மந்திரம் வருதாம்மா.”

வாசுகி படத்தை ஒவ்வொரு நொடியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஐயரின் உதடும் மந்திரமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இருந்தன. ஸ்டுடியோ முழுக்கக் கருவாட்டு வாடை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“போதும் அங்கிள். ஆறாவது பிரதிய நானே கொண்டு போறேன். என் லேப்டாப், என் வயர். அங்கயே உக்காந்து ஓட்டிக் காட்டிட்டு வரேன்.”

ராஜசேகரனின் முகம் சுருங்கியது. “நீ எதுக்கும்மா அலையற? நானே போறேனே.”

“இது என் தொழில் மானம் அங்கிள்!”

சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் மெர்சிங் போய் இறங்கினாள். கேட்டைத் தொடும்போதே உள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பெரிய டிவியில் லோஷினிக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. முகங்கள் தெளிவு. மந்திரம் கச்சிதம். முன்னால் உட்கார்ந்திருந்த சந்திரமதி, ஐயர் சொல்வதற்கு முன்பே மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி!”

“அலமாக்!” என்று பதறிய சந்திரமதி ரிமோட்டைத் தேடி, கிடைக்காமல், டிவியையே முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். “இது... இன்னைக்குத்தான்மா...”

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“லிங்க் வந்த அன்னைக்கே ஓடிருச்சும்மா. பூராவும் பாத்துட்டு அழுதேன். ஆனா பத்திரிகையும் ஹேண்ட்ஃபோன்ல வந்துச்சு, கல்யாணமும் ஹேண்ட்ஃபோன்லயே வந்துச்சுன்னா, என் தம்பி எப்பதான் என் வாசப்படி மிதிக்கறது? ஓடலன்னேன். வந்து நின்னான்.”

“ஆன்ட்டி, நான் ஒரு மாசமா...”

“தெரியும்மா, பாவம் நீ. எனக்கும்தான் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் என்ன குறை சொல்றதுன்னு யோசிச்சே தலைவலி வந்துருச்சு.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன்கிட்ட சொல்லிராத. ஓடுதுன்னு தெரிஞ்சா, அப்புறம் எதுக்கு வரப்போறான்?”

வாசுகிக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் கண்தான் கலங்கியது. சத்தியம் செய்து கொடுத்தாள். மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் ராஜசேகரனிடம் சொல்லப் பொய் தேடினாள். டிவி பழசு என்று சொல்லலாம். வயர் சேரவில்லை என்று சொல்லலாம். தன் தொழில் மானத்தைத் தானே வாங்கிக்கொள்ளத் தயாராக, சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

புஷ்பவள்ளிதான் திறந்தார். “அவரு காடி கழுவக் கொண்டு போயிருக்காரும்மா. போன காரியம் என்னாச்சு?”

“மெர்சிங் ஆன்ட்டி வீட்டு டிவி ரொம்பப் பழசு போல. இன்னும்... ஓடல.”

புஷ்பவள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணி உன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்களா? அவருக்கு எல்லாம் தெரியும்மா, மூணாவது தடவ போனப்பவே சன்னல் வழியா பாத்துட்டாரு. அண்ணிக்குக் குறை சொல்லிச் சொல்லிச் சரக்கு தீந்துபோச்சாம், அதனால அடுத்ததையாச்சும் நெசமாவே ஓடாத மாதிரி ஒண்ணு உன்ன செஞ்சு தரச் சொன்னாரு!”